பெயரில்லாத மூன்றாவது தெய்வம்

ஐஸ்லாந்தில் பழைய தெய்வங்களைக் கும்பிட்ட காலம் அது. வழக்குமன்றத்தில் வழக்குத் தொடுப்பவரும் சாட்சி சொல்ல வருகிறவரும், எருதின் இரத்தம் தோய்ந்த வெள்ளி வளையத்தைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சத்தியம் செய்ய வேண்டும்: “ஃப்ரேயும், ன்யோர்தும், எல்லாம் வல்ல அந்தத் தெய்வமும் எனக்குத் துணை நிற்கட்டும்.” ஃப்ரே விளைச்சலுக்கு உரியவர், ன்யோர்த் கடலுக்கு உரியவர். மூன்றாவது யார் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் சாட்சியம் செல்லாது என்று மட்டும் சொன்னது.

ஒரு கோடையில் ஓர்ம் என்ற குத்தகைக்காரன் அந்த வளையத்தைப் பிடித்தான். எதிரே நின்றவள் முய்ரென். அயர்லாந்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, பின்னால் விடுதலை பெற்றவள். ஊர்த்தலைவர் ஹால்ஸ்டெய்னின் புல்கொட்டகைக்கு அவள் தீ வைத்தாள் என்பது வழக்கு. குற்றம் உறுதியானால் அவளை யாரும் எங்கேயும் வெட்டிப் போடலாம். ஏனென்று கேட்க ஆள் கிடையாது. ஆனால் தலைவரின் மகன்தான் குடிவெறியில் பந்தத்தோடு கொட்டகைக்குள் புகுந்தவன். ஓர்ம் அதைக் கண்ணால் பார்த்திருந்தான். அவன் ஆடு மேய்த்ததோ தலைவரின் நிலத்தில்.

அவன் சத்தியத்தைச் சொல் பிசகாமல் சொல்லி முடித்தான். ஹால்ஸ்டெய்ன் எழுந்தார்.

“அந்த மூன்றாவது தெய்வம் யார், ஓர்ம்? பெயரைச் சொல்.”

ஓர்முக்குச் சூழ்ச்சி புரிந்தது. நடுவர்களில் பாதிப்பேர் போர்த்தெய்வமான ஓடினைக் கும்பிடுகிறவர்கள், மற்றவர்கள் இடியை ஆளும் தோரைக் கும்பிடுகிறவர்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் பாதிப்பேர் முகம் திருப்புவார்கள். பெயரைச் சேர்த்தால் சத்தியமே முறிந்துவிடும். இதெல்லாம் போக, அந்தத் தெய்வம் யாரென்று அவனுக்கே தெரியாது. தான் பார்த்தது மட்டும் தெரியும்.

“சொல்ல மாட்டேன்.”

“தெரியாதா, பயமா?”

“இன்று காலையில் வழக்குத் தொடுத்தபோது நீங்களும் இதே வளையத்தைப் பிடித்து இதே வார்த்தைகளைத்தான் சொன்னீர்கள். நீங்கள் யாரை நினைத்தீர்கள்?”

ஹால்ஸ்டெய்னின் முகம் சிவந்தது. அவருக்குப் பின்னால் நின்ற ஆட்களிலும் ஓடினைக் கும்பிடுகிறவர்களும் தோரைக் கும்பிடுகிறவர்களும் இருந்தார்கள்.

“நீ இருப்பது என் நிலம். அதை மறந்துவிடாதே.”

“மறக்கவில்லை. உங்கள் மகன் கையில் பந்தம் இருந்ததையும் மறக்கவில்லை.”

மூத்த நடுவர்கள் மூவர் கூடிப் பேசினார்கள். முதலாமவர், “எந்தத் தெய்வத்தின் காதில் விழுகிறது என்று தெரியாமல் செய்த சத்தியம் காற்றோடு போகும். இது செல்லாது” என்றார். இரண்டாமவர், “அவன் யாரை நினைத்தான் என்று நம் மூவரிடமாவது சொல்லட்டும், ஏற்கலாம்” என்றார். மூன்றாமவர், “சட்டம் கேட்காத பெயரைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. சத்தியம் செல்லும்” என்றார்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இந்த மூவரில் யார் சொன்னது சரி?

மூன்றாமவர் சொன்னதே சரி. முதலாமவர் பேச்சை ஏற்றால், காலையில் தலைவர் செய்த சத்தியமும் செல்லாது. பிறகு வழக்கே இல்லை. இரண்டாமவர் கேட்டது மனதுக்குள் இருப்பதை. சட்டத்தின் கை அதுவரை நீளாது. ஓடினைக் கும்பிடுகிறவனும் தோரைக் கும்பிடுகிறவனும் ஒரே வளையத்தைப் பிடிக்கட்டும் என்றுதான் முன்னோர் அந்த இடத்தைப் பெயரில்லாமல் விட்டிருக்க வேண்டும். மன்றமும் அப்படியே தீர்த்தது. முய்ரென் தலை நிமிர்ந்து வெளியே போனாள். ஓர்மின் குத்தகை போயிற்று. தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவன் ஊரை விட்டுக் கிளம்பியபோது ஆற்றோரமாகச் சுற்றிப் போக நல்ல வழி இருந்தது. அவன் ஹால்ஸ்டெய்னின் வாசல் வழியாகத்தான் போனான், மெதுவாக.