இலை நிறத்தில் ஓடிய திருடன்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் விடுதியில் என் அறையில் இருந்த செல்லக்கிளி. அவளுக்கும் யாரோ சொன்னதுதான். கேட்டபடியே எழுதுகிறேன்.

முன்னொரு காலத்தில் குன்றூர் நாட்டை விறல்மாறன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கட்டிப்பிடித்தவனின் தலையை மாலையில் வாங்குவான். அவன் சபையில் ஒருநாள் மலையில் தேனெடுக்கும் சடையன் நின்றான். ராணியின் ரத்தினமாலையோடு ஒருவன் மதிலேறிக் குதித்ததைப் பார்த்த ஒரே ஆள் அவன்தான். அவனைச் சாட்சியாக அழைத்து வந்தவர் அமைச்சர் அறவாழி.

"திருடன் உடுத்தியிருந்தது என்ன நிறம்?" என்றான் ராஜா.

"இலை நிறம், சாமி."

அமைச்சரைக் கண்டாலே ஆகாத காவல் தலைவர் கோளரியார் முன்னால் வந்தார். "வானம் என்ன நிறமடா?"

"அதுவும் அதே நிறந்தான், சாமி. எங்க மலைப் பேச்சுல ரெண்டுக்கும் ஒரே பேருதான்."

சபை வெடித்துச் சிரித்தது. "பார்த்தீர்களா, நம் அமைச்சர் பிடித்து வந்த குருட்டுச் சாட்சியை!" என்றார் கோளரியார்.

ராஜா சிரிக்கவில்லை. "பார்க்கத் தெரியாதவனுக்குக் கண் எதற்கு? கம்பியைக் காய்ச்சுங்கள்."

சடையன் கம்பியைப் பார்த்தான். கண் போனால் பாறையில் கயிறு கட்டி இறங்குவது எப்படி? கயிறு பிடிக்கும் மச்சான் வாசலில்தான் காத்திருந்தான். சடையன் அந்தப் பக்கம் திரும்பினான். துருத்தி ஊதும் சத்தம் மட்டும் கேட்டது.

"மன்னா, இவன் வாயைக் கேட்டுவிட்டோம். கையைக் கேட்கவில்லையே?" என்றார் அறவாழி.

"கம்பி சிவக்கும்வரை கேள்."

அமைச்சர் வரவழைத்திருந்த சாயக்காரர் நாற்பது துணிகளை விரித்தார். எல்லாம் பச்சையும் நீலமும். "அன்று பார்த்த நிறத்தை எடு" என்றார் அமைச்சர். சடையன் குந்தினான். ஒன்றைத் தொட்டான், தள்ளினான். இன்னொன்றையும் தள்ளினான். துருத்தி நின்றது. கம்பி சிவந்துவிட்டது. அவன் ஒரு கருநீலத் துணியை உயர்த்தினான். "இதுதான், சாமி."

அறவாழி மூடியிருந்த கையைத் திறந்தார். உள்ளே ஒரு கிழிசல். அதே கருநீலம், இம்மியும் பிசகவில்லை. "மதில் முள்ளில் சிக்கியிருந்தது, மன்னா. இதுவரை யாருக்கும் காட்டவில்லை."

"பிறகு ஏன் இலை நிறம் என்றான்?"

"நம் தொழுவத்தில் தாங்கள் வெள்ளை என்று சொல்லும் மாடுகளை மேய்ப்பவன் ஐந்து பெயர் சொல்லிப் பிரிக்கிறான். அதற்காகத் தங்கள் கண்ணில் குறை என்று சொன்னானா?"

ராஜாவின் மீசை துடித்தது. பிறகு கடகடவென்று சிரித்தான். "இது யாருக்குச் சாயம் போட்ட துணி?"

"கோளரியார் வீட்டுக்குத்தான், மகாராஜா" என்றார் சாயக்காரர்.

"ஓய் கோளரியாரே, குருடன் உம்மைக் கண்டுபிடித்துவிட்டானே!"

கோளரியார் காலில் விழுந்தார். ரத்தினமாலை அவர் வீட்டு நெல்குதிரில் கிடைத்தது. ராஜா அவருடைய தலைப்பாகையைக் கழற்றிச் சடையனுக்குச் சூட்டினான். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

சடையன் தலைப்பாகையைத் தொடவே இல்லை. "அந்தக் கம்பியத் தண்ணியில போடச் சொல்லுங்க, சாமி."

பிறகு நூலகத்தில் தேடினேன். குன்றூர் நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் வியட்நாமிய மொழியில் பச்சைக்கும் நீலத்துக்கும் பொதுவாக ஒரே சொல்தான். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் இலையையோ வானத்தையோ கூடச் சேர்த்துக்கொள்வார்கள்.