மாலை வாங்கிய துண்டு

ஓடைத்தெருவில் ஓடையும் இல்லை, குடிதண்ணீர்க் குழாயும் இல்லை. குழாயைக் கேட்டு வாங்க வேண்டிய கவுன்சிலர் சிங்கத்துரையோ, நகராட்சிக் கூட்டம் தொடங்கியதும் நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார். அங்கே டீ ஊற்றும் ஓடைத்தெருப் பேச்சியம்மாள் அந்தத் துண்டையே ஏக்கத்தோடு பார்ப்பாள்.

வார்டில் அவருக்குப் பாராட்டு விழா. "ஒரு கூட்டம் தவறினதில்ல நான்! பேச்சி, நீயே சாட்சி. மாலையைப் போடு," என்றார்.

பேச்சியம்மாள் அவர் துண்டைக் கும்பிட்டு வாங்கி, நாற்காலியில் விரித்து, அதற்கு மாலை போட்டாள்.

"கூட்டத்துல உக்காந்திருந்தது இதுதானேய்யா? குழாய் வேணும்னு இதுகிட்டதான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் சிங்கத்துரை எழுந்து, "எங்க ஓடைத்தெருவுக்கு..." என்று ஆரம்பித்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டம்ளர் நிரம்பி வழிந்தது. அவள் காதில் விழுந்ததோ தண்ணீர்ச் சத்தம்.