வார் இழுத்தால் வயிறு உப்பும் குதிரை

அந்தக் காலத்தில் குதிரைக்குப் பேச்சு உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட உண்டுதான், ஆனால் அவை பேசியதில் பாதி புலம்பல். குதிரை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், சொன்னால் மாறாது. அதனால் சேணம் கட்டுகிறவன் தன் கையைவிடக் குதிரையின் வாயைத்தான் நம்பினான். வயிற்றுக்குக் கீழே வாரைக் கொடுத்து இழுத்துக்கொண்டே "போதுமா?" என்பான். "இன்னும் கொஞ்சம்" என்றால் இழுப்பான். "போதும்" என்றால் முடிச்சுப் போட்டுவிடுவான்.

மேல்மலையில் பூவாண்டி என்று ஒருவன் இருந்தான். அவனிடம் செவலை என்று ஒரு பெட்டைக் குதிரை. மலைக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே இருந்த ஒற்றைப் பாதையில் உப்பும் தானியமும் குதிரை முதுகில்தான் ஏறி வரும். வண்டி ஏறாத ஊர், மனிதன் ஏறினாலே மூச்சு வாங்கும்.

ஒரு வருஷம் பனி கொட்டியது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நாம் போர்வைக்குள் இருந்துகொண்டு சொல்கிறோம். அந்த வருஷப் பனி கார்த்திகையிலேயே தொடங்கி, தரையையும் மச்சையும் முடித்துக்கொண்டு எலும்புக்கு வந்துவிட்டது. புல்லெல்லாம் தீயில் வாட்டியதுபோல் கருகியது. குட்டையைக் கல்லால் உடைத்துத் தண்ணீர் மொண்டார்கள். மலையில் இருந்த குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்து செத்தன. செவலை மட்டும் பிழைத்தது, ஏனென்றால் பூவாண்டி அதை வீட்டுக்குள்ளேயே கட்டினான். அடுப்புக்கு அந்தப் பக்கம் அவனும் மனைவி காத்தாயியும், அப்போதுதான் பால் மறந்த மகள் வெள்ளையம்மாவும். இந்தப் பக்கம் குதிரை. தீவனம் தீர்ந்ததும் கூரைப் புல்லைப் பிடுங்கிப் போட்டான். பாதி வீட்டுக்கு மேலே வானம் தெரிந்தது.

"உங்க வீட்டையில்ல தின்னுக்கிட்டு இருக்கேன்" என்றது செவலை.

"தின்னு தாயி. வீடு போனா கட்டிக்கலாம்" என்றான் பூவாண்டி.

அவன் கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மாசி பிறந்தபோது வீட்டில் தானியமும் தீர்ந்தது. வெள்ளையம்மா முதலில் அழுதாள், பிறகு அழுவதை விட்டுவிட்டாள். பசித்த பிள்ளை அழுகிறவரை பயமில்லை, அழாமல் படுத்துவிட்டால்தான் பயம். காத்தாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "கீழ எங்கண்ணன் வீட்டுக்குப் போயி கேப்பை கொண்டாந்துருங்க. இல்லாட்டி இவ பிழைக்க மாட்டா" என்றாள்.

செவலை தானாகவே எழுந்து நின்றது.

"ஏறு, போவோம். ஆனா பாத்து இழு பூவாண்டி. நான் சினையா இருக்கேன்."

பூவாண்டி அதன் வயிற்றில் கையை வைத்தான். உள்ளே எதுவோ மெல்ல நகர்ந்தது. இத்தனை பட்டினியிலும் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறதே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாரைத் தளரவே கட்டி, இறக்கத்தில் பையப் பைய ஓட்டிக்கொண்டு போனான்.

மைத்துனன் இரண்டு மூட்டை கேப்பை கொடுத்தான். மூட்டைகளைச் சேணத்தின் இருபுறமும் கட்டி, பூவாண்டி முன்னால் நடந்து மலை ஏறினான். பாதி தூரத்தில் பனிமூட்டம் இறங்கியது. பாதைக் கற்கள் வழுக்கின. செருப்பில்லாத கால் வெடித்து, கொஞ்சம் வலித்து, பிறகு வலிக்கவும் இல்லை. கால் தரையில் படுவதே தெரியாமல் இரண்டு முறை விழுந்தான். இனி ஏறித்தான் போக வேண்டும். ஆளும் ஏறினால் சேணம் நழுவும். வாரைப் பிடித்து இழுத்தான்.

"போதுமா?"

"போதும்."

ஏறினான். சேணம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கினான்.

"இன்னும் ஒரு பிடி இழுக்கணும்."

"போதும்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல இழுத்தா அங்க குட்டி கெடக்கு. மூட்டையில ஒன்ன இறக்கி வச்சிட்டு ஏறு."

"ஒத்த மூட்டை எத்தனை நாளைக்கு வரும்? பனி எப்ப விடும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"அப்பக் குட்டி?"

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பறந்தது. பூவாண்டி குதிரையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "உனக்கு அடுத்த வருசம் இன்னொரு குட்டி வரும். எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா?"

அதன் வயிற்றில் முழங்காலை ஊன்றி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து வாரை இழுத்தான். "போதும்" என்றது செவலை. இழுத்தான். "போதும்" என்றது மறுபடியும். இழுத்து முடிச்சுப் போட்டான். குதிரை மனிதனிடம் பேசிய கடைசிச் சொல் அதுதான்.

அவனைக் கீழே தள்ளிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போயிருக்கலாம். ஆனால் அது அவன் கூரையைத் தின்ற குதிரை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி மனிதர்களுக்குத்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. செவலை இரண்டு மூட்டையோடும் ஆளோடும் மலை ஏறி, வீட்டு வாசலில் வந்து நின்றது.

காத்தாயி ஓடி வந்து கேப்பையை அள்ளினாள். நீர்க்கக் கூழ் காய்ச்சி விரலால் தொட்டுப் பிள்ளையின் வாயில் வைத்தாள். வெள்ளையம்மா சப்பினாள், விழுங்கினாள், பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு அவர்களுக்கு வேறு ஒன்றும் நினைவில்லை.

பூவாண்டி வாரை அவிழ்க்க வந்தபோது செவலை அடுப்புக்கு இந்தப் பக்கம், கூரையில்லாத இடத்தில் படுத்திருந்தது. வாரை எடுத்த பிறகும் வயிற்றில் அது அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. குட்டி செத்துப் பிறந்தது. காது மடங்கியிருந்தது, குளம்பு இன்னும் இறுகவில்லை. செவலை அதை நக்கியது. அதன்மேல் பனி படிந்த பிறகும் பனியோடு சேர்த்து நக்கிக்கொண்டே இருந்தது.

"எம் பிள்ளை குடிக்கிற கூழு எனக்குத் தொண்டையில நிக்குதுய்யா" என்றாள் காத்தாயி.

பூவாண்டி குதிரையின் காலடியில் உட்கார்ந்தான். "திட்டிரு தாயி. இல்ல, உதைச்சிரு. எதையாவது சொல்லு."

செவலை குட்டியைத்தான் நக்கிக்கொண்டிருந்தது.

பனி விட்டு, புல் துளிர்த்து, மறுபடி பாதை திறந்தது. பூவாண்டி சேணத்தை வைத்து, வாரைக் கொடுத்து, "போதுமா?" என்று கேட்டான். பதில் இல்லை. ஆனால் வார் தோலில் பட்ட மாத்திரத்தில் செவலை மூச்சை இழுத்து வயிற்றை உப்பி, அப்படியே பிடித்துக்கொண்டது. அவன் அந்த அளவிலேயே முடிச்சுப் போட்டு ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் செவலை மூச்சை விட்டது, சேணம் உருண்டது, பூவாண்டி பாறையில் விழுந்து இடுப்பு போனது. விழுந்து கிடந்தபடியே பார்த்தான். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு குட்டி படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதற்குப் பிறகு சாகும்வரை அவன் எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. மூட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு கூடவே நொண்டி நடந்தான்.

வெள்ளையம்மா வளர்ந்தாள். நடந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது? சூட்டிகையான பெண். செவலையின் பேத்திகளுக்கு அவள்தான் சேணம் கட்டினாள். வாரைக் கட்டி, குதிரையைச் சும்மா நாலடி நடத்தி, அது மறந்து மூச்சு விடும் சமயம் பார்த்துச் சட்டென்று இன்னொரு பிடி இழுத்தாள். ஊரே கெட்டிக்காரி என்றது. வாசலில் இருந்து பார்த்த பூவாண்டி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டான்.

அப்போதிருந்துதான் வார் பட்டதும் எல்லாக் குதிரையும், ஆண் குதிரைகூட, வயிற்றை உப்பி அந்தக் குட்டிக்கு இடம் விடுகிறது. மனிதனும் நாலடி நடத்திவிட்டு மறுபடி இழுக்கிறான்.