தட்டிப் பார்க்காத கட்டை

புன்னைக்காட்டுத் தேரைப் பற்றிக் கேட்டால் அவ்வூரார் வாய் ஓயாமல் சொல்வார்கள். சிற்பம் செதுக்கிய தச்சரின் பெயரைச் சொல்வார்கள். வடம் திரித்தவரின் பெயரையும் சொல்வார்கள். சக்கரத்தடியில் கிடந்து நசுங்கும் முட்டுக்கட்டையைச் செய்தவர் யாரென்றால் மட்டும், "அது யாரோ ஒருத்தன்" என்பார்கள். அந்த யாரோ ஒருவர்தான் பூவணனார்.

வடம் பிடித்தவர்கள் தேரை இழுக்கத்தான் முடியும். அதை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் இடும் கட்டைதான். ஆண்டுக்கு நாற்பத்தெட்டுக் கட்டைகள் வேண்டும். பூவணனார் புளியமரத்தை வெட்டி ஓராண்டு குளத்து நீரில் ஊறப் போடுவார். மறு ஆண்டு முழுவதும் நிழலில் உலர்த்துவார். வெளுத்த பகுதியைக் கழித்துவிட்டு, வைரம் பாய்ந்த உள்மரத்தை மட்டும் ஐந்தெழுத்தை ஓதியபடி செதுக்குவார். கடைசியில் கட்டையைக் காதருகே பிடித்துச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் அது ஈசனுக்கு. மந்தமாக ஒலித்தால் அது அடுப்புக்கு.

இதைப் பார்த்து ஊர் சிரித்தது. திருவிழா முடிந்ததும் நசுங்கிய கட்டைகள் கோயில் மடைப்பள்ளிக்கு விறகாகப் போவது வழக்கம். தேருக்குக் கட்டை இடும் ஆட்களின் தலைவன் ஐயாறன் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"விறகுக்குப் போற கட்டைக்கு இத்தனை சீராட்டா, பூவணரே?"

"விறகாப் போறது அப்புறம், ஐயாறா. அதுக்கு முன்னால சாமியில்ல அதுமேல ஏறி வராரு."

அவ்வாண்டு பூவணனாரின் மனைவி நங்கையார் காய்ச்சலில் இரண்டே நாளில் சிவபதம் அடைந்தார். முப்பது ஆண்டு உடனிருந்தவர். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு பூவணனார் உளியை எடுத்தார். துக்கம் அவருடையது, தேர் ஊருடையது அல்லவா! குறித்த நாளில் கோயில் வண்டி வந்து நாற்பத்தெட்டையும் ஏற்றிச் சென்றது. கட்டைகளுக்குக் காவி பூசி, சந்தனமிட்டு, பூசையும் ஆயிற்று. பூசை ஆன பிறகு தேர் நிலைக்கு வரும்வரை அவற்றின் மேல் கருவி படலாகாது என்பது அவ்வூர்க் கட்டளை.

தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் பூவணனார் சுத்தியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை வலிக்காதிருக்க அதன் பிடியில் நங்கையார் சுற்றித் தந்த பழந்துணி இருந்தது. கடைசிக் கட்டையை முடித்த அன்றும் அந்தத் துணியைப் பார்த்துத்தான் அவர் அழுதார். அழுது முகம் கழுவி வருவதற்குள் வண்டிக்காரர்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். அந்த ஒரு கட்டையை அவர் தட்டிப் பார்க்கவே இல்லை.

வடக்கு வீதி தாமரைக் குளத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் வீதி. அங்கே கட்டை பிளந்தால், தேர் முன்னால் நிற்கும் கூட்டத்தின்மேல் ஏறிவிடும். கோயில் அதிகாரி விழுப்பரையரிடம் ஓடினார்.

"ஐயா, ஒரு கட்டையை நான் சோதிக்கல. எதுன்னு தெரியாது. ஒருமுறை எல்லாத்தையும் தட்டிப் பாத்துடறேன்."

"பூசை ஆன பொருள்மேல சுத்தியா? நாற்பத்தேழு நல்லதுன்னா மிச்சம் ஒண்ணு மட்டும் கெட்டா போயிரும்? போய் வேலையைப் பாரும்."

"நல்லதாவும் இருக்கலாம் ஐயா. ஆனா எனக்குத் தெரியலையே."

செய்தி பரவிற்று. கட்டை இடுகிறவர்கள் சக்கரத்தடிக்குப் போக மாட்டோம் என்றார்கள். போவார்களா பின்னே, உயிர் வெல்லமல்லவா! ஊர் முழுவதும் பூவணனாரை ஏசியது. பெண்டாட்டி போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். ஊர் கூடி இழுக்கும் தேருக்கு ஒற்றை ஆளாக முட்டுக்கட்டை போடுகிறானே என்றார்கள் சிலர். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் பெயராவது பிழைத்திருக்கும். அவர் பெயரைப் பார்க்கவில்லை, தேரைப் பார்த்தார்.

"பிழை என்னோடது. சரிவுல நானே கட்டை போடறேன்" என்றார். சமதளமான மற்ற வீதிகளுக்கு மட்டும் ஆட்கள் இசைந்தார்கள். அவருக்கு அப்போது அறுபது வயது. அதன்பின் வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த வைர மரத்தில் ஒரு கட்டை செதுக்கித் தட்டிப் பார்த்தார்; பூசை காணாததைத் தேருக்குக் கொண்டுபோக முடியாமல் ஈசன் படத்தடியில் வைத்தார்.

தேர் நாள். மூன்று வீதிகளையும் தேர் நலமாகக் கடந்தது. வடக்கு வீதி திரும்பியதும் பூவணனார் முன்சக்கரத்தடியில் குனிந்தார். ஒவ்வொரு கட்டையையும் 'இதுவோ' என்று எண்ணியபடியே இட்டார். சரிவின் நடுவில் தேர் வடத்தை மீறி உருளத் தொடங்கியது. "கட்டை! கட்டை!" என்று ஆயிரம் குரல். கைக்கு வந்ததை எடுத்தார். எடுத்த கணமே தெரிந்துவிட்டது. மற்றவற்றைவிட ஓர் இழை எடை குறைவு. வேறு எடுக்க நேரமில்லை. "புன்னைக்காட்டு ஈசா!" என்று அலறிக்கொண்டு அதையே சக்கரத்தடியில் திணித்தார்.

தேர் நின்றது.

பிறகு இழுத்தார்கள், அசையவில்லை. யானை முட்டித் தள்ளியது, அப்போதும் அசையவில்லை. "இவன் வந்த ராசி!" என்று விழுப்பரையர் பல்லைக் கடித்தார். அப்போது தேர்த்தட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. குருக்களின் குரல் அல்ல அது. குருக்களே திரும்பி ஈசனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பூவணன் தட்டிப் பார்க்கட்டும். அதுவரை யாம் இங்கேயே இருப்போம்."

பூவணனார் கண்ணீர் வழிய, சக்கரத்தடியிலிருந்து அந்தக் கட்டையைப் பிடித்து இழுத்தார். முன்னால் நின்றவர்கள் கூவிக்கொண்டு சிதறினார்கள். கட்டை கையோடு வந்தது. சரிவில், எந்தத் தடையும் இல்லாமல், அவ்வளவு பெரிய தேர் அசையாமல் நின்றது.

இடுப்பிலிருந்த சுத்தியை எடுத்து, காதருகே பிடித்துத் தட்டினார். மந்தமாக ஒலித்தது. உளி வைத்து ஓர் அடி அடித்ததும் கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு மரம் உளுத்து மாவாகியிருந்தது.

பூவணனார் தெருப்புழுதியில் விழுந்தார். "கெட்ட கட்டையைக் கொடுத்துட்டேனே! இத்தனை சுமையை நீயே தாங்கினியா அப்பா!" என்று கதறினார். "வீட்டுல சாமி படத்தடியில நல்ல கட்டை ஒண்ணு இருக்கு" என்றார். ஐயாறன் அவர் வீட்டுக்கு ஓடி, அந்தக் கட்டையைத் தோளில் சுமந்து வந்தான். பூவணனார் அதைத் தட்டினார். கணீரென்ற ஒலி தேர்த்தட்டுவரை கேட்டது. கட்டையைச் சக்கரத்தடியில் வைத்த பின்னரே தேர் ஒரு விரற்கடை நகர்ந்து, அதன்மேல் வந்து அமர்ந்தது.

விழுப்பரையர் தேரிலிருந்து இறங்கி வந்து, ஈசனுக்குச் சாத்திய பரிவட்டத்தைப் பூவணனாரின் தலையில் கட்டினார். அவ்வாண்டு முதல் புன்னைக்காட்டில் நாற்பத்தெட்டுக் கட்டையும் சன்னிதியில் தட்டிப் பார்த்த பிறகே சந்தனம் காண்கின்றன.

யார் கண்ணிலும் படாத கட்டைக்கும் ஈசன் முன் கணக்குச் சொன்ன பூவணனாரின் கைகளை நாமும் கும்பிடுவோம்.