இருபத்தொரு பட்டமும் ஒரு வில்லும்

கேளுங்கள் ஐயா, கேளுங்கள் அம்மா! ஊருக்கொரு ராஜா இருந்த காலத்திலே, வேங்கைமலை நாட்டை அதிரூபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு ஆளுயர மரவில் ஒன்றைக் கொற்றன் என்ற வில்தச்சன் செய்து கொடுத்தான்.

வில் நன்றாகத்தான் இருந்தது. ராஜாவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. முயலை அடித்தால் ஒரு பட்டம், மானை அடித்தால் ஒரு பட்டம், ஒன்றையும் அடிக்காமல் பத்திரமாக வீடு திரும்பினால் அதற்கும் ஒரு பட்டம்! ஒவ்வொன்றையும் செப்புத் தகட்டில் பொறித்து வில்லோடு இறுக்கிக் கட்டச் சொன்னான். இப்படியே இருபத்தொன்று சேர்ந்துவிட்டது.

ஒருநாள் வில்லின் உள்பக்கத்தில் குறுக்கே சுருக்கங்கள் தெரிந்தன.

"ராஜயோக ரேகை!" என்றார் முதல் மந்திரி. "சந்தனம் பூசினால் மறைந்துவிடும்" என்றார் இரண்டாம் மந்திரி. "அதன்மேல் இன்னொரு பட்டத்தைக் கட்டிவிடலாமே" என்றார் மூன்றாம் மந்திரி.

கொற்றன் தடவிப் பார்த்தான். "மகாராஜா, தகடு கட்டிய இடமெல்லாம் விறைத்து நிற்கிறது. தகடில்லாத இந்த நாலு விரல் இடம் மட்டும் தனியாக வளைந்து வளைந்து மரம் நசுங்கிப்போயிற்று. தகடுகளைக் கழற்ற வேண்டும்."

"பட்டத்தில் கை வைத்தால் உன் கட்டைவிரல் போய்விடும்! நசுங்கினதை மட்டும் சரிசெய்."

கட்டைவிரல் இல்லாத தச்சன் உளியை எப்படிப் பிடிப்பான்? பாவம், நசுங்கிய மரத்தைச் செதுக்கி எடுத்தான். புதுத் துண்டை வச்சிரப் பசையால் ஒட்டினான். ஒன்பது நாள் நிழலில் உலர்த்தினான். "மருந்து போட்டாயிற்று, நோய் அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்லித்தான் கொடுத்தான். யார் கேட்டார்கள்?

திருவிழா வந்தது. அண்டை நாட்டு ராஜாக்கள் பார்த்திருக்க, அதிரூபன் நாணை இழுத்தான். முதல் இழுப்பில் வில் முனகியது. இரண்டாம் இழுப்பில் கிறீச்சிட்டது. மூன்றாம் இழுப்பில் அந்த நாலு விரல் இடத்திலேயே படாரென்று முறிந்து, ராஜாவின் கிரீடத்தைத் தட்டிவிட்டது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"வெட்டுங்கள் இவன் விரலை!" என்று கூட்டத்தில் நின்ற கொற்றனைக் காட்டிக் கத்தினான் ராஜா.

"பட்டத்தில் கை வைத்தால்தானே விரல் போகும், மகாராஜா? எண்ணிப் பாருங்கள்" என்றான் கொற்றன்.

மந்திரிகள் மூவரும் எண்ணினார்கள். இருபத்தொன்றும் கீறலில்லாமல் பளபளத்தன. ராஜா சொன்ன சொல்லை மீற முடியுமா? கொற்றன் விரல் தப்பியது. ராஜாவுக்கு எய்ய வில் இல்லை. ஆனாலும் மந்திரிகள் விடுவார்களா? அன்று சாயங்காலமே "வில்லொடித்த வீரன்" என்று இருபத்திரண்டாம் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள்!

ஆகவே, விறைத்து நிற்பவர்களை விட்டுவிட்டு வளைகிறவன் மேலேயே பாரத்தை ஏற்றினால், முறிவது அவன் மட்டுமல்ல, மொத்தமும்தான்.