ஊற்றங்கரையில் கோரல்

சிக்கிமின் செங்குத்தான சரிவொன்றில் சிறு மடம். தலைவி யாங்கி. அவரிடம் பாடம் கேட்ட நோர்டென், வயதில் அவரைவிட மூத்தவர். காலடி ஓசையையும் ஒழிப்பதே தவம் என்று பல ஆண்டுகளாகப் பழகியவர். சருகின்மேல் நடந்தாலும் சத்தம் எழாது. அதில் அவருக்கு உள்ளூரக் கர்வமும் உண்டு.

அன்று பிற்பகல் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"தாயே, குடி கெடுத்துவிட்டேன்!"

"யார் குடியை?"

"கோரலின் குடியை. அந்த மலையாடு ஊற்றங்கரைப் பாறையில் குட்டியோடு நின்றது. ஆசையாக நெருங்கினேன். சீறிவிட்டு ஒரே பாய்ச்சலில் மறைந்துவிட்டது. குட்டி பாறை விளிம்பில் தனியே கிடக்கிறது. மேலே கழுகு சுற்றுகிறது!"

"பிறகு?"

"குட்டியும் மிரண்டு விழுந்துவிடுமோ என்று ஓசையில்லாமல் பின்வாங்கினேன்."

யாங்கி அடுக்களையிலிருந்து ஒரு பித்தளைக் குண்டானையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டார்.

ஊற்றுக்குத் திரும்பும் வளைவை அடைந்ததும் கரண்டியால் ஓங்கித் தட்டினார். நோர்டென் பதறினார். யாங்கி பாறையை நோக்கிப் போகவில்லை. தட்டிக்கொண்டே எதிர்ச்சரிவில் ஏறினார்.

"நீங்கள் பாடுங்கள்."

"எனக்குப் பாட வராதே, தாயே."

"தெரியும். பாடுங்கள்."

நோர்டென் கரகரத்த குரலில் ஏதோ பாடினார். எதிர் மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கழுகின் வட்டம் குறுகியிருந்தது. குட்டி அசையவில்லை. நோர்டென் பாட்டை நிறுத்தினார்.

"நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நாம் எங்கே என்று தாயாடு தேட வேண்டிவரும்."

கழுகு சிறகை ஒடுக்கிச் சரிந்தது. அதே கணம் புதரைப் பிளந்து தாய் பாய்ந்தது. கொம்பைத் தாழ்த்திக் குட்டியின் மேல் குடைபோல் நின்றது. கழுகு வெறும் காற்றைக் கிழித்து மேலேறியது.

 நோர்டென் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். பிறகு கேட்டார்.

"புல்லறுக்க வரும் டிக்கி வாய் ஓயாமல் கத்திக்கொண்டு இதன் பக்கத்திலேயே போகிறாள். இது மேய்ச்சலைக்கூட விடுவதில்லை. நான் எறும்பையும் மிதிக்காதவன். அவ்வளவு மெதுவாகப் போனேன். என்னைக் கண்டு ஏன் ஓடியது, தாயே?"

யாங்கி குண்டானை அவர் மடியில் வைத்தார்.

"இந்த மலையில் ஓசையில்லாமல் நெருங்குவது சிறுத்தை ஒன்றுதான்."