ஓணான்குன்றுக்கு நடந்துபோன ராஜா

முன்னொரு காலத்திலே வேங்கைநாட்டைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் மாலை போடுவான், நினைத்தால் ஊரைவிட்டே அனுப்புவான். ஒருநாள் அவன் சொன்ன வேடிக்கைக்கு மந்திரி திருமேனியார் சிரிக்கவில்லை.

"உங்களை மதிக்கவில்லை, மன்னா" என்று போட்டுக்கொடுத்தார் சபையிலிருந்த மகுடேசர். மந்திரிப் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

அவ்வளவுதான். எல்லைக் காவலுக்கென்று திருமேனியாரை ஓணான்குன்றுக்கு அனுப்பிவிட்டான் ராஜா.

குன்றடியில் சில உழவர் குடிசைகள். மேலே மந்திரி மட்டும். மழை விழுந்தால் வழி சேறாகிவிடும், வெளியாள் யாரும் வரமாட்டார்கள். பேச ஆளில்லாமல் அவர் அடுப்போடு பேசினார். சில நாள் தன் குரலே வேற்றாள் குரல்போலக் கேட்டது.

அந்த வருஷம் கஜானா நிறைந்தது. பணத்தை முதலில் எதில் போடுவது என்று சபையில் சண்டை. துறைமுகம் என்றார்கள் வணிகர்கள். வாய்க்கால் என்றார்கள் பண்ணைக்காரர்கள். "தறிதான், மன்னா. ஊரெல்லாம் பிழைக்கும்" என்றார் மகுடேசர். ராஜாவுக்குத் தலை சுற்றியது. திருமேனியாரிடம் ஆள் அனுப்பிக் கேட்டான்.

"பதில் இங்கே இருக்கிறது. தாங்களும் மகுடேசரும் நேரில் வந்தால் காட்டுகிறேன்" என்று சொல்லியனுப்பினார் அவர்.

"திமிரைப் பாருங்கள்" என்றார் மகுடேசர். ராஜாவுக்கோ என்னதான் காட்டுகிறான் பார்ப்போம் என்று ஆசை. கிளம்பிவிட்டான்.

பாதி வழியில் ரதம் சேற்றில் புதைந்தது. மிச்ச வழியை நடந்தார்கள். முழங்கால்வரை சேறோடு வந்து நின்றவர்களைக் கண்டதும் திருமேனியார் கால் கழுவத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

குடிசைகளுக்குப் பின்னால் அழைத்துப்போனார். உழவர்கள் விளைத்த பஞ்சு மலையாகக் குவிந்திருந்தது, அடியெல்லாம் கறுத்து மக்கி.

"மகுடேசரே, தறிக்குப் பஞ்சு வேண்டுமே. மேலே இருப்பது நல்ல பஞ்சு. எடுத்துப்போங்கள், இனாம்."

"எப்படி எடுத்துப்போவது? வண்டியே வரமுடியாத இடமாயிற்றே."

சொன்ன பிறகுதான் மகுடேசருக்கு உறைத்தது. ராஜா சிரித்தான்.

"ஆக, முதலில் சாலை."

"ஆமாம், மன்னா. வாய்க்கால் வெட்டினால் இன்னும் விளையும், இன்னும் மக்கும். துறைமுகம் கட்டினால் கப்பல் வெறுமனே நிற்கும். சாலை வந்தால் பஞ்சு தறிக்குப் போகும், துணி கப்பலுக்குப் போகும். அந்த வருமானத்திலேயே மற்றதையும் ஒவ்வொன்றாகக் கட்டலாம்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். "நீர் என்னோடு வாரும். சாலை இங்கே வந்து சேரும்வரை மகுடேசர் காவல் இருக்கட்டும்."

கிளம்பும்போது மகுடேசர் மெதுவாகக் கேட்டார்: "இங்கே சாயங்காலமெல்லாம் எப்படிப் போகும்?"

"போகாது" என்றார் திருமேனியார்.

அரண்மனையில் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள். அவருக்கோ குன்றின்மேல் தனியாக நின்ற மகுடேசரின் முகமே கண்ணுக்குள் இருந்தது.

சாலை முடிந்தது. குன்றுக்குப் போன முதல் வண்டியில் திருமேனியாரே ஏறினார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. சக்கரச் சத்தம் கேட்டு, மகுடேசர் குன்றிறங்கி எதிரே நடந்தே வந்திருந்தார்.